ஹை-சி வரைபடத்தை வாசிக்கப் பழகுவது எப்படி? டிஎன்ஏ மடிப்பைப் புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு

உட்கருவுக்குள் டிஎன்ஏ எப்படி மடிந்திருக்கிறது என்று தேடினால் முதலில் வந்து விழுபவை வண்ண ஓவியங்கள்தான். சுருள் மேல் சுருளாக, அளவெடுத்துச் செய்தது போன்ற ஒழுங்கில் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஓவியரின் ஊகம். பாடநூல்களில் நெடுங்காலமாக இடம்பிடித்திருந்த 30 நானோமீட்டர் இழையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் மனிதச் செல்களின் உட்கருவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முப்பரிமாணமாகப் பார்த்தபோது, 5 முதல் 24 நானோமீட்டர் வரை தடிமன் மாறிக்கொண்டே போகும் ஒழுங்கற்ற சங்கிலிகள்தான் தென்பட்டன.

ஆகவே ஓவியங்களை ஓரமாக வைத்துவிட்டு, ஆய்வாளர்கள் தினமும் பார்க்கும் தரவையே பார்க்கப் பழகுவோம். அது வெள்ளைப் பின்னணியில் சிவப்புப் புள்ளிகள் நிறைந்த ஒரு சதுரம். பெயர் ஹை-சி வரைபடம். அதை வாசிக்கத் தெரிந்துவிட்டால் இந்தத் துறையின் கட்டுரைகளில் பாதி புரியத் தொடங்கிவிடும். உயிரியலில் பன்னிரண்டாம் வகுப்பு அளவுக்குத் தெரிந்தால் போதும். கணினியில் ஓர் உலாவி வேண்டும், அவ்வளவுதான்.

தொடங்கும் முன் கொஞ்சம் அளவுகள்

மனிதச் செல் ஒன்றில் சுமார் 640 கோடி கார இணைகள் உள்ளன. ஓர் இணைக்கு 0.34 நானோமீட்டர் நீளம். பெருக்கினால் 2 மீட்டருக்குச் சற்று மேலே வரும். இது 10 மைக்ரோமீட்டர் விட்டம்கூட இல்லாத உட்கருவுக்குள் இருக்கிறது என்று எல்லோரும் வியப்பார்கள். ஆனால் நீளத்தை விட்டுவிட்டுக் கன அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். டிஎன்ஏவின் தடிமன் 2 நானோமீட்டர்தான் என்பதால், அத்தனை டிஎன்ஏவும் சேர்ந்து உட்கருவின் கன அளவில் நூற்றில் சில பங்கையே பிடிக்கிறது. ஆக, இடம் போதாமை பெரிய சிக்கல் இல்லை. சிக்கிக்கொள்ளாமல் இருக்க வேண்டும், தேவையான மரபணு தேவையான நேரத்தில் கைக்கு எட்ட வேண்டும், எட்டக்கூடாதது எட்டாமல் இருக்க வேண்டும். மடிப்பு தீர்க்கும் சிக்கல் இதுதான்.

முதல் நிலை மடிப்பு நியூக்ளியோசோம். எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த ஒரு கட்டி, அதன் மேல் 147 கார இணை நீளமுள்ள டிஎன்ஏ ஏறத்தாழ ஒன்றே முக்கால் சுற்று. இதை எல்லாப் புத்தகமும் நன்றாகவே விளக்கிவிடும். நாம் பார்க்கப்போவது அதற்கு மேலே உள்ள நிலைகளை. அங்கே நீளத்தை கிலோபேஸ் (ஆயிரம் கார இணை), மெகாபேஸ் (பத்து லட்சம் கார இணை) என்ற அலகுகளில் சொல்வது வழக்கம்.

படி 1: வரைபடம் எதை எண்ணுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போய்விட்டால் பிறகு எல்லாமே தவறாகப் புரியும், அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

செல்களை ஃபார்மால்டிஹைடில் சுமார் 10 நிமிடம் ஊறவைக்கிறார்கள். அருகருகே இருக்கும் டிஎன்ஏத் துண்டுகள், இடையில் உள்ள புரதங்களோடு சேர்ந்து அந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம் ஒரு வெட்டு நொதி. 2014க்குப் பிறகு பரவலான முறையில் இது பெரும்பாலும் எம்போஒன். ஜி-ஏ-டி-சி என்ற நான்கெழுத்து வரும் இடமெல்லாம் வெட்டும், அதாவது சராசரியாக 256 எழுத்துக்கு ஒருமுறை. வெட்டுப்பட்ட முனைகளில் பயோட்டின் (பிறகு பிடித்தெடுக்க உதவும் ஒரு சிறு மூலக்கூறு) பூசிய ஓர் எழுத்தை நிரப்பி, பக்கத்துப் பக்கத்து முனைகளை ஒட்டவைக்கிறார்கள். குரோமோசோமில் வெகுதூரம் தள்ளி இருந்தாலும், செல்லுக்குள் அருகில் இருந்த இரண்டு துண்டுகள் இப்போது ஒரே துண்டாகிவிடும். பயோட்டினைப் பிடித்து அந்தக் கலப்புத் துண்டுகளை மட்டும் பிரித்தெடுத்து, இரு முனைகளையும் வரிசைப்படுத்துகிறார்கள். இந்த முனை குரோமோசோம் 7இல் இன்ன இடம், அந்த முனை இன்ன இடம். ஒரு துண்டுக்கு ஒரு சந்திப்பு. இப்படிக் கோடிக்கணக்கில்.

இரு குறிப்பிட்ட இடங்களை மட்டும் இப்படிச் சோதிக்கும் மூல முறையை யோப் டெக்கரும் நான்சி கிளெக்னரும் சகாக்களும் 2002இல் ஈஸ்டில் செய்து காட்டினார்கள். முழு மரபணுத்தொகுதிக்கும் சேர்த்து எண்ணும் ஹை-சி 2009இல் வந்தது. எரெஸ் லீபர்மன் ஐடன், நிங்கே வான் பெர்கம், டெக்கர், எரிக் லேண்டர் முதலானோரின் பணி அது. 2014இல் ஐடன் குழு ஜிஎம்12878 என்ற மனித இரத்தச் செல் வகையில் மட்டும் 490 கோடி சந்திப்புகளை எண்ணி வெளியிட்டது. நாம் பழகப்போவது அந்தத் தரவில்தான்.

சரி, இந்த எண்ணிக்கையை எப்படி வரைகிறார்கள்? பழைய சாலை வரைபடப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் ஊர்களுக்கிடையே எத்தனை கிலோமீட்டர் என்று ஓர் அட்டவணை இருக்குமே, மேலேயும் இடப்பக்கமும் அதே ஊர்ப்பட்டியல் வரும், அந்த அமைப்புதான் இதற்கும். ஊர்களுக்குப் பதில் குரோமோசோமின் துண்டுகள். கட்டத்துக்குள் இருப்பது தூரம் இல்லை, அந்த இரண்டு துண்டுகளும் எத்தனை முறை ஒட்டிக்கொண்ட நிலையில் கிடைத்தன என்ற எண்ணிக்கை. எண் கூடக்கூடச் சிவப்பு அடர்த்தியாகும்.

இதிலிருந்தே ஓர் எச்சரிக்கை பிறக்கிறது. இந்த எண்ணிக்கை இலட்சக்கணக்கான செல்களிலிருந்து திரட்டியது. வரைபடத்தில் தெரியும் எதுவும் ஒரு செல்லின் படம் இல்லை. இதைச் சிறு தாளில் எழுதித் திரையில் ஒட்டிவைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

படி 2: வரைபடத்தைத் திறங்கள்

ஐடன் குழுவின் ஜூஸ்பாக்ஸ் உலாவியிலேயே இயங்கும், எதையும் நிறுவ வேண்டாம். ஹார்வர்டில் உருவான ஹைகிளாஸும் அப்படித்தான். புதிதாக வருபவர்களுக்கு ஜூஸ்பாக்ஸ்தான் என் பரிந்துரை. தயார்நிலையில் இருக்கும் தரவுகளின் பட்டியல் அதிலேயே உண்டு. அதில் 2014ஆம் ஆண்டின் ஜிஎம்12878 வரைபடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

திறந்ததும் இரண்டைச் சரிபாருங்கள். முதலாவது, தரவு எந்த மரபணுத்தொகுதிப் பதிப்பின் மேல் கட்டப்பட்டது என்பது. 2014இன் தரவு எச்ஜி19. இன்று நீங்கள் வேறெங்கோ எடுக்கும் மரபணு இருப்பிடங்கள் பெரும்பாலும் எச்ஜி38இல் இருக்கும். இரண்டையும் கலந்தால் இடங்கள் நகர்ந்துபோகும், சில இடங்களில் பல லட்சம் காரங்கள் அளவுக்கு. தொடக்கநிலையில் வரும் குழப்பங்களில் கணிசமானவை இதனால்தான்.

இரண்டாவது, சமன்படுத்தல். வெட்டு நொதி எல்லா இடத்திலும் ஒரே அளவில் வெட்டுவதில்லை. சில பகுதிகளை வரிசைப்படுத்துவது எளிது, சில கடினம். இந்தக் கோணல்களை நீக்க, ஒவ்வொரு வரிசையின் கூட்டுத்தொகையும் சமமாக வரும்படி அந்த எண் அட்டவணையை மாற்றுகிறார்கள். 'சமன்படுத்திய' என்ற பொருள் தரும் தேர்வு மெனுவில் இருக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் வெள்ளைப் பட்டைகள் சில குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். சென்ட்ரோமியர் போன்று ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும் இடங்கள் அவை. எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாததால் காலியாக விட்டிருக்கிறார்கள். அங்கே சந்திப்பே நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 3: தொலைவிலிருந்து பாருங்கள்

புதியவர்கள் நேராக ஒரு மரபணுவுக்குப் போய்ப் பெரிதாக்கிப் பார்க்கத்தான் ஆசைப்படுவார்கள். வேண்டாம். முழு மரபணுத்தொகுதியும் ஒரே திரையில் தெரியும்படி தொடங்குங்கள்.

மூலைவிட்டத்தில் சதுரம் சதுரமாகச் சிவந்திருக்கும். ஒவ்வொரு சதுரமும் ஒரு குரோமோசோம். தனக்குள் சந்திப்பது அதிகம், மற்றதோடு சந்திப்பது மிகக் குறைவு. ஒவ்வொரு குரோமோசோமும் உட்கருவில் தனக்கென ஓர் இடம் வைத்திருக்கிறது என்பதை நிறமேற்றிய குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்த்துத் தாமஸ் கிரெமரும் கிறிஸ்டோஃப் கிரெமரும் ஹை-சிக்கு வெகுகாலம் முன்பே நிறுவியிருந்தார்கள். இங்கே அதே செய்தி எண்களாக வருகிறது.

சதுரங்களுக்கு வெளியேயும் மெல்லிய வடிவம் உண்டு. குரோமோசோம் 16, 17, 19, 20, 21, 22 ஆகிய சிறிய குரோமோசோம்கள் தங்களுக்குள் கொஞ்சம் அதிகமாகச் சந்திக்கின்றன. குரோமோசோம் 18ம் சிறியதுதான், ஆனால் மரபணுக்கள் குறைந்தது. அது இந்தக் கூட்டத்தில் சேர்வதில்லை, உட்கருவின் ஓரத்தை நாடுகிறது.

இங்கேயே ஒரு பயிற்சி. பட்டியலில் கே562 என்ற தரவு இருக்கும், இரத்தப் புற்றுநோய்ச் செல் வகை. அதைத் திறந்து, குரோமோசோம் 9க்கும் 22க்கும் இடையிலான கட்டத்தைப் பெரிதாக்குங்கள். இரு வேறு குரோமோசோம்களுக்கு நடுவில் இருக்கவே கூடாத அளவுக்கு அடர் சிவப்பு தெரியும். அந்தச் செல்களில் இந்த இரண்டும் உடைந்து மாறி ஒட்டியிருக்கின்றன, பிலடெல்ஃபியா குரோமோசோம் என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். ஜிஎம்12878இல் அதே இடம் வெளிறி இருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால், வரைபடம் மடிப்பை மட்டும் காட்டுவதில்லை, டிஎன்ஏவின் வரிசை மாறிப்போனதையும் காட்டும் என்பது மனதில் நிற்கும். விசித்திரமான சிவப்பு எதைக் கண்டாலும் முதலில் இந்தச் சந்தேகம் வர வேண்டும்.

படி 4: மூலைவிட்டத்தை மதியுங்கள்

இப்போது ஒரே குரோமோசோமுக்குள் வாருங்கள். மூலைவிட்டம் கடுஞ்சிவப்பு, விலக விலக வெளிறுகிறது. வரிசையில் பக்கத்தில் இருப்பவை அடிக்கடி சந்திக்கும், அது எந்தச் சங்கிலிக்கும் பொருந்தும். எந்த வேகத்தில் வெளிறுகிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. 2009இன் கட்டுரை, சுமார் 5 லட்சம் காரங்களிலிருந்து 70 லட்சம் வரையான தூரத்தில், தூரம் பத்து மடங்கு கூடினால் சந்திப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்றாகிறது என்று கண்டது. கண்டபடி பின்னிக்கொண்டு சமநிலைக்கு வந்துவிட்ட சங்கிலியாக இருந்தால் இதைவிட வேகமாகக் குறைந்திருக்க வேண்டும்.

இந்த வெளிறல் மற்ற எல்லா வடிவத்தையும் மூழ்கடித்துவிடும் என்பதால், அந்தத் தூரத்துக்கு எதிர்பார்க்கும் சராசரியால் ஒவ்வொரு கட்டத்தையும் வகுத்துப் பார்ப்பார்கள். 'கண்டது வகுத்தல் எதிர்பார்த்தது' என்ற தேர்வு மெனுவில் இருக்கும். மூலைவிட்டத்துக்குத் தொலைவில் உள்ளதை ஆராயும்போது அதைப் போடுங்கள், அருகில் உள்ளதைப் பார்க்கும்போது எடுத்துவிடுங்கள்.

படி 5: கட்டம் போட்ட துணி வடிவம்

குரோமோசோம் 14ஐத் திறந்து கட்ட அளவை (ஒரு கட்டம் குறிக்கும் டிஎன்ஏ நீளம்) 1 மெகாபேஸ் அல்லது 500 கிலோபேஸில் வையுங்கள். வகுத்த காட்சிக்கு மாறுங்கள். குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்பும் நீலமும் மாறி மாறி வரும். 2009இல் இதை விளக்க எடுத்துக்காட்டிய குரோமோசோமும் இதுதான்.

இதன் பொருள் எளிது. குரோமோசோமின் துண்டுகள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்திருக்கின்றன, ஒரே கட்சியைச் சேர்ந்தவை தூரம் பாராமல் சந்திக்கின்றன. ஏ பிரிவில் மரபணுக்கள் மிகுதி, அவற்றில் பலவும் இயங்கிக்கொண்டிருக்கும். பி பிரிவு பெரும்பாலும் அமைதியானது, உட்கருவின் உட்சுவரை ஒட்டியிருக்கும் பகுதிகள் இதில்தான் அதிகம்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. மென்பொருள் இந்த இரு கட்சிகளை ஐகன் திசையன் என்ற கணக்கால் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் கூட்டல் அல்லது கழித்தல் குறியோடு ஓர் எண் தரும். எந்தக் குறி ஏ பிரிவு என்பதைக் கணக்கு சொல்லாது, அது தற்செயல். மரபணு அடர்த்தியோடு ஒப்பிட்டு நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனித்தனியாக. சில குரோமோசோம்களில் முதல் திசையன் பிரிவுகளைக் காட்டாமல் இரு கரங்களைப் பிரித்துக் காட்டித் தொலைக்கும். அப்போது இரண்டாவதைப் பாருங்கள்.

படி 6: மூலைவிட்டத்தின் மேல் உள்ள சதுரங்கள்

கட்ட அளவை 25 அல்லது 10 கிலோபேஸுக்குக் குறைத்து, சில மெகாபேஸ் அளவே திரையில் இருக்கும்படி பெரிதாக்குங்கள். வகுத்தலை எடுத்துவிடுங்கள். மூலைவிட்டத்தின் மேல் சிறு சதுரங்கள் வரிசையாகத் தெரியும். ஒரு சதுரத்துக்குள் இருக்கும் துண்டுகள் தங்களுக்குள் அதிகம் சந்திக்கின்றன, எல்லை தாண்டிப் பக்கத்துச் சதுரத்தோடு சந்திப்பது குறைவு. இவற்றை டேட் (TAD, topologically associating domain என்பதன் சுருக்கம்) என்கிறார்கள். 2012இல் மனிதன், எலி, பழ ஈ ஆகியவற்றில் வெவ்வேறு குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கண்டறிந்தன.

ஒரு டேட் எவ்வளவு நீளம்? 2012இன் எலித் தரவில் நடு அளவு 880 கிலோபேஸ். 2014இன் மனிதத் தரவில் 185 கிலோபேஸ். செல் மாறியதால் வந்த வேறுபாடு என்று நினைக்காதீர்கள். தரவின் ஆழம் (எண்ணிய சந்திப்புகளின் தொகை) கூடியது, பெரிய சதுரத்துக்குள் சிறிய சதுரம் தெரிந்தது, எண்ணும் விதியும் மாறியது. டேட் பட்டியல் தரும் மென்பொருள்கள் பல உண்டு, ஒரே தரவில் ஒன்றுக்கொன்று வேறான பட்டியலைத் தரும். பட்டியலைப் பெரிதாக நம்ப வேண்டாம் என்பேன். எல்லைகளை நம்பலாம், அதிலும் கண்ணுக்கே தெளிவாகத் தெரியும் எல்லைகளை.

கட்ட அளவைக் குறைப்பதற்கும் ஒரு வரம்பு இருக்கிறது. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்களின் எண்ணிக்கை நான்கு மடங்கு, ஆக அதே தெளிவுக்கு நான்கு மடங்கு தரவு வேண்டும். உங்கள் தரவு தாங்காத அளவுக்குப் பெரிதாக்கினால் மணலைத் தூவியது போல் ஆகிவிடும். அப்போது பின்வாங்குங்கள்.

படி 7: சதுரத்தின் மூலையில் ஒரு புள்ளி

பல சதுரங்களின் மூலையில், மூலைவிட்டத்துக்கு எதிர்ப்பக்கம், தனியாக ஒரு சிவப்புப் புள்ளி நிற்கும். சதுரத்தின் தொடக்கமும் முடிவும் சுற்றுப்புறத்தைவிட அதிகமாகச் சந்திக்கின்றன என்று பொருள். இதுதான் வளையம். 2014இன் கட்டுரை சுமார் 10,000 வளையங்களைப் பட்டியலிட்டது.

இப்போது சிடிசிஎஃப், ரேட்21 ஆகிய புரதங்கள் டிஎன்ஏவில் எங்கெங்கே உட்கார்ந்திருக்கின்றன என்ற தரவை வரைபடத்தின் ஓரத்தில் ஏற்றுங்கள். மரபணுத்தொகுதித் தரவுகளைப் பொதுவில் வைக்கும் என்கோடு (ENCODE) திட்டத்தின் தளத்தில் இதே செல் வகைக்குக் கிடைக்கும். ரேட்21 என்பது கோஹீசின் என்ற வளைய வடிவக் கூட்டுப்புரதத்தின் ஒரு பகுதி. புள்ளியிலிருந்து இரு ஓரங்களுக்கும் கோடு இழுத்தால் பெரும்பாலும் இரண்டு முனையிலும் சிடிசிஎஃப் சிகரம், அதாவது அந்தப் புரதம் அதிகமாக உட்கார்ந்திருக்கும் இடம், இருக்கும்.

இதோடு நின்றிருந்தால் சுவாரஸ்யம் குறைவுதான். சிடிசிஎஃப் உட்காரும் டிஎன்ஏ வரிசைக்கு முன்னும் பின்னும் உண்டு, அதாவது திசை உண்டு. இரண்டு முனைகளுக்கு நான்கு வகைத் திசைச் சேர்க்கைகள் சாத்தியம். திசை பொருட்டே இல்லை என்றால் ஒன்றையொன்று நோக்கும் சேர்க்கை கால்வாசிதான் வர வேண்டும். வந்ததோ நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். ஆயிரக்கணக்கான, சில வேளை லட்சக்கணக்கான காரங்கள் தள்ளி இருக்கும் இரண்டு இடங்கள் தங்கள் திசையை ஒன்றுக்கொன்று எப்படி அறியும்? மிதந்து வந்து மோதிக்கொண்டால் திசை தெரிய வழியே இல்லை.

கோஹீசின் டிஎன்ஏவில் ஏறி, இரு பக்கமும் இழுத்து இழுத்து வளையத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறது, தன்னை நோக்கித் திரும்பிய சிடிசிஎஃப் குறுக்கிட்டால் அந்தப் பக்கம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் புதிர் தீர்ந்துவிடும். 2015, 2016இல் இரண்டு குழுக்கள் கணினி மாதிரிகளில் இதைக் காட்டின. அப்போது பலருக்கும் நம்பிக்கை இல்லை. 2018இல் கோஹீசினின் உறவுக்காரப் புரதமான கான்டென்சின் ஒற்றை டிஎன்ஏவை வளையமாக இழுப்பதை நுண்ணோக்கியில் நேரிலேயே படம்பிடித்தார்கள். 2019இல் கோஹீசினும் அதையே செய்வது தெரிந்தது, நொடிக்கு ஏறத்தாழ 1 கிலோபேஸ் என்ற அளவில்.

இதற்கு மேல் ஒரு சோதனை. மனிதப் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களில் ரேட்21ஐ ஆக்சின் கொடுத்து அழிக்கும்படி மாற்றி, ஆறு மணி நேரம் கழித்து ஹை-சி எடுத்தார்கள். வளையங்கள் மறைந்துபோயின. ஆனால் படி 5இல் பார்த்த துணி வடிவம் போகவில்லை, சில இடங்களில் இன்னும் அழுத்தமானது. ஆக்சினை நீக்கியதும் வளையங்கள் சீக்கிரமே திரும்பின. எலிக் கருத் தண்டுச் செல்களில் சிடிசிஎஃபை அழித்தபோது டேட் எல்லைகள் கலங்கின, பிரிவுகள் அப்படியே இருந்தன.

வரைபடத்தை வாசிக்க இது தரும் பாடம் பெரிது. துணி வடிவத்தையும் சதுரங்களையும் ஒரே மடிப்பின் பெரிய பாகம், சிறிய பாகம் என்று அடுக்கிப் பார்க்கத் தோன்றும். அப்படி இல்லை. சதுரமும் புள்ளியும் கோஹீசின் ஓயாமல் இழுப்பதால் வருபவை. துணி வடிவம் ஒத்த வகைத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிவதால் வருவது. இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சலும் செய்கின்றன. வரைபடத்தில் ஒன்றைக் கண்டால், இது எந்த வேலையின் தடம் என்று கேட்டுப் பழகுங்கள்.

படி 8: ஒரு நோயின் இடத்தில் பழகுங்கள்

குரோமோசோம் 17இல், எச்ஜி19 அளவீட்டில் 67 முதல் 71 மெகாபேஸ் வரை தேர்ந்தெடுங்கள். 68க்கு அருகில் கேசிஎன்ஜே2 என்ற மரபணு, 70க்கு அருகில் சாக்ஸ்9 என்ற மரபணு. நடுவில் ஏறத்தாழ 20 லட்சம் காரங்களுக்கு மரபணு அதிகம் இல்லாத வெளி. ஆனால் அது வீண்வெளி இல்லை, சாக்ஸ்9ஐத் தூண்டும் டிஎன்ஏத் துண்டுகளான என்ஹான்சர்கள் அங்கேதான் சிதறிக் கிடக்கின்றன. இரண்டு மரபணுக்களும் வெவ்வேறு டேட்களில் இருப்பதையும், நடுவில் எல்லை எங்கே விழுகிறது என்பதையும் முதலில் கண்டுபிடியுங்கள்.

இந்தப் பகுதியில் டிஎன்ஏ இரட்டிப்பாகிப்போன குடும்பங்கள் உண்டு. பெர்லினில் ஸ்டெஃபான் முண்ட்லோஸ் குழு 2016இல் மூன்று வகை இரட்டிப்புகளை ஒப்பிட்டது. சாக்ஸ்9இன் டேட்டுக்குள்ளேயே அடங்கும் இரட்டிப்பு, இரு எக்ஸ் குரோமோசோம் உள்ளவர்களிடம் ஆண் உடலமைப்பு வளரும் நிலையோடு தொடர்புள்ளது. இரட்டிப்பு எல்லையையும் தாண்டிப் போய், கேசிஎன்ஜே2 வரை எட்டாமல் நின்றால் எந்தக் கோளாறும் இல்லை. இன்னும் நீண்டு கேசிஎன்ஜே2ஐயும் சேர்த்துக்கொண்டால் குக்ஸ் நோய்க்குறி. விரல்கள் குட்டையாகும், நகங்கள் வளராது.

சின்ன இரட்டிப்பு கோளாறு தருகிறது, அதைவிடப் பெரியது தரவில்லை, அதைவிடவும் பெரியது வேறு கோளாறு தருகிறது. டிஎன்ஏவை நேர்கோடாக மட்டும் பார்த்தால் இதற்குத் தலைகால் புரியாது. வரைபடத்தை வைத்துப் பாருங்கள். எல்லை உள்ளிட்ட துண்டு இரட்டிப்பானால், இரண்டு எல்லைகளுக்கு நடுவே புதிய டேட் ஒன்று உருவாகிறது. அதற்குள் என்ஹான்சர்கள் மட்டும் அடைபட்டால் தூண்ட மரபணு இல்லை, எதுவும் நடக்காது. கேசிஎன்ஜே2இன் நகலும் சேர்ந்து அடைபட்டால், சாக்ஸ்9க்கு உரிய என்ஹான்சர்கள் அதைத் தூண்டிவிடுகின்றன. எலிகளில் இதே இரட்டிப்பை உண்டாக்கிக் கை கால் மொட்டுகளில் பார்த்தபோது, அந்தப் புதிய டேட் வரைபடத்தில் தனிச் சதுரமாகவே தெரிந்தது.

படி 9: எங்கெங்கே ஏமாறலாம்

வளையம் இருந்தால் மரபணு இயங்குகிறது என்று முடிவு கட்டுவது முதல் ஏமாற்றம். கோஹீசினை அழித்த அந்தச் சோதனையில் வளையங்கள் மறைந்தும், பெரும்பாலான மரபணுக்களின் இயக்கம் அந்த ஆறு மணி நேரத்தில் அதிகம் மாறவில்லை. சாக்ஸ்9 போன்ற இடங்களில் மடிப்பு உயிர்நாடி, வேறு பல இடங்களில் அவ்வளவு இல்லை. பொது விதியாக எதையும் சொல்லும் கட்டுரையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

அடுத்தது, புள்ளி அடர்த்தியாக இருந்தால் அந்த வளையம் எப்போதும் கட்டியபடியே இருக்கிறது என்று நினைப்பது. 2022இல் எலித் தண்டுச் செல்களில் எஃப்பிஎன்2 மரபணுவை ஒட்டிய, சுமார் 500 கிலோபேஸ் நீள வளையம் ஒன்றின் இரு முனைகளுக்கும் ஒளிரும் குறி போட்டு, உயிருள்ள செல்லிலேயே தொடர்ந்து பார்த்தார்கள். ஹை-சியில் அது தெளிவான வளையம். ஆனால் முழு வளையமாக இருந்தது மொத்த நேரத்தில் 3 முதல் 6.5 விழுக்காடுதான். ஒருமுறை கட்டினால் 10 முதல் 30 நிமிடம் நிற்கும், அப்புறம் அவிழும். மீதி நேரமெல்லாம் பாதி இழுத்த நிலைகள். தனித்தனிச் செல்களைப் படம்பிடித்தவர்களும் இதையே வேறு விதமாகக் கண்டார்கள். ஒவ்வொரு செல்லிலும் சதுரம் போன்ற அமைப்பு உண்டு, ஆனால் எல்லை செல்லுக்குச் செல் வேறிடத்தில் விழுகிறது. நாம் திரையில் பார்க்கும் கூர்மையான எல்லை, அடிக்கடி விழும் இடம், அவ்வளவே.

செல் பிரியும் தறுவாயில் இருந்தால் கதையே வேறு. அப்போது டேட்களும் பிரிவுகளும் வரைபடத்திலிருந்து காணாமல் போகும். இரண்டு மாதிரிகளை ஒப்பிடும்போது ஒன்றில் பிரியும் செல்கள் அதிகமாக இருந்தால், வேறுபாடு மடிப்பைச் சொல்கிறதா, பிரியும் வேகத்தைச் சொல்கிறதா என்று கேளுங்கள். ஆழம் வேறுபட்ட இரண்டு வரைபடங்களை ஒப்பிடும் முன் பெரியதன் எண்ணிக்கையைச் சிறியதன் அளவுக்குக் குறைத்துக்கொள்வதும் அவசியம். நிற அளவுகோலும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். அதை நகர்த்தினால் எந்த வளையத்தையும் தோன்றவும் வைக்கலாம், மறையவும் வைக்கலாம்.

அடுத்து என்ன செய்யலாம்

இவ்வளவும் கைக்குப் பழகியதும், வரிசைப்படுத்திய மூலத் தரவிலிருந்து நீங்களே ஒரு வரைபடம் கட்டிப் பாருங்கள். ஜூசர், ஹைசி-ப்ரோ இரண்டும் இலவசம். பைத்தான் தெரிந்தவர்களுக்குக் கூலர், கூல்டூல்ஸ் வசதியாக இருக்கும். 490 கோடி சந்திப்புகளோடு தொடங்காதீர்கள், மடிக்கணினி திணறும். மனிதத் தரவுக்குப் பதில் ஈஸ்ட் தரவை எடுங்கள். அதன் மரபணுத்தொகுதி 1.2 கோடி காரங்கள்தான் என்பதால் சிறிய தரவிலேயே நல்ல வரைபடம் கிடைக்கும். பதினாறு குரோமோசோம்களின் சென்ட்ரோமியர்களும் ஒரே இடத்தில் கூடியிருப்பதால், வெவ்வேறு குரோமோசோம்களுக்கு இடையே வரிசையாகப் புள்ளிகள் தெரிய வேண்டும். உங்கள் வரைபடத்தில் அந்தப் புள்ளிகள் தெரிந்தால் செயல்முறை சரியாகவே ஓடியிருக்கிறது. தெரியாவிட்டால், வெவ்வேறு குரோமோசோம்களுக்கு இடையிலான சந்திப்புகள் மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். அது மிக அதிகமாக இருந்தால் செல்லுக்குள் அருகில் இல்லாத துண்டுகளும் கண்டபடி ஒட்டியிருக்கின்றன, கோளாறு கணினியில் இல்லை, சோதனைக் குழாயில்.